செஞ்சிக் கோட்டை

செஞ்சிக் கோட்டை தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி நகருக்கு அருகே மூன்று மலைகளை இணைத்துக் கட்டப்பட்ட அரசர் கோட்டை. செஞ்சி நாயக்கர்களின் தலைநகராகவும், பின்னர் சில ஆண்டுகள் மராத்தியப் பேரரசின் தலைநகராகவும் இருந்தது. பீஜாப்பூர் சுல்தான்கள், முகலாயர், ஆற்காடு நவாப்புகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து கைமாறியது. 1921-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் ஒன்றானது. பொதுமக்களிடையே 'ராஜா தேசிங்கு கோட்டை' என்ற பெயரே அதிகம் வழங்குகிறது. தேசிங்கு இக்கோட்டையை ஆண்ட காலம் ஓர் ஆண்டுகூட இல்லை.

அமைவிடம்

செஞ்சி திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். சங்கராபரணி எனப்படும் வராக நதி ஊருக்கு அருகே ஓடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல உருண்டைப் பாறைகள் நிறைந்த கருங்கல் குன்றுகள் இப்பகுதி முழுவதும் உள்ளன. அவற்றுள் மூன்றைத் தேர்ந்து கோட்டை எழுப்பப்பட்டது.

மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. ஒவ்வொரு மலையும் தனியாகவே ஒரு கோட்டை. தனித்தனி மதில், தனித்தனி நீர்நிலை, தனித்தனி தானியக் கிடங்கு உண்டு. ஒரு மலை பகைவரிடம் விழுந்தாலும் மற்ற மலையிலிருந்து போரைத் தொடரலாம். மூன்று மலைகளையும் இணைக்கும் மதில்களின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். சுமார் 80 அடி அகலமுள்ள அகழியும் உண்டு.

மூன்றில் உயரமானது ராஜகிரி. சுமார் 800 அடி உயரம் கொண்டது. படிகளில் ஏறி வாயில்கள் பலவற்றைக் கடந்து சென்றால், உச்சிக்குச் சற்று முன்பு பாறை பிளந்து ஆழமான பள்ளம் குறுக்கிடும். அதைக் கடக்க ஒரே ஒரு சிறு பாலம் மட்டுமே உள்ளது. ஆபத்துக் காலத்தில் மரப்பாலத்தை அகற்றிவிட்டால் உச்சிக்குச் செல்ல வேறு வழி இல்லை. அந்த இடத்தைச் சில வீரர்களே காக்க முடியும்.

பெயர்

கோட்டையின் காவல் தெய்வமாகிய செஞ்சியம்மனின் பெயரால் ஊர் செஞ்சி எனப்பட்டது என்பது ஊர் வழக்கு. பழைய பெயரான சிங்கபுரம் மருவிச் செஞ்சி ஆனது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அருகிலுள்ள சிங்கவரம் என்ற ஊர்ப்பெயர் இதற்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. பீஜாப்பூர் ஆட்சியில் பாதுஷாபாத் என்றும், முகலாயர் ஆட்சியில், கோட்டையைக் கைப்பற்றிய சுல்பிகர் கானின் நுஸ்ரத் ஜங் என்ற பட்டத்தையொட்டி நுஸ்ரத்கட் என்றும் பெயர் மாற்றப்பட்டது. இந்தப் பெயர்கள் ஆவணங்களோடு நின்றுவிட்டன. மக்கள் வழக்கில் செஞ்சி என்ற பெயரே நிலைத்தது.

தொடக்க வரலாறு

கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செஞ்சிப் பகுதியில் சமணமும் சைவ, வைணவ சமயங்களும் தழைத்திருந்தன. திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழமையான கல்வெட்டும் அங்கு உள்ளது. சிங்கவரத்தில் பல்லவர் கால அரங்கநாதர் குடைவரைக் கோயிலும், மேலச்சேரியில் சிவன் குடைவரைக் கோயிலும் உள்ளன. மேலச்சேரி இன்றும் 'பழைய செஞ்சி' எனப்படுகிறது.

மலையில் முதன்முதலில் கோட்டை கட்டியவர் ஆனந்தக் கோன் என்பது மரபு. இது 12-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நடந்ததாகக் கூறப்படுகிறது. காலின் மெக்கன்சி சேகரித்த சுவடிகளுள் ஒன்றான 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' கோனார் மரபின் கதையை விரிவாகச் சொல்கிறது. ஆடு மேய்க்கச் சென்ற இடத்தில் கிடைத்த புதையலைக் கொண்டு ஆனந்தக் கோன் கோட்டை கட்டினார் என்றும், அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோனின் பெயரால் கிருஷ்ணகிரி அமைந்தது என்றும் மரபுக் கதைகள் கூறுகின்றன. கோனார்களுக்குப் பின் குறும்பர் தலைவர்கள் ஆண்டதாகவும் இம்மரபு குறிப்பிடுகிறது.

தொண்டை மண்டலத்தில் குறும்பர்களுக்குக் கோட்டைகள் பல இருந்ததாகக் கதைகள் உண்டு. அவற்றுள் தலைமையானது இன்றைய வடசென்னையை ஒட்டிய புழல். ஆதொண்டைச் சக்கரவர்த்தி புழல் கோட்டையை வென்றார் என்றும், திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் உள்ள இரு எருக்கந்தூண்கள் அக்கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றும் தலபுராண மரபு கூறுகிறது. சமவெளியில் இருந்த புழல் கோட்டை இன்று காணக் கிடைக்கவில்லை. ஏரியும் ஊர்ப்பெயருமே எஞ்சியுள்ளன. செஞ்சியில் ஆட்சிகள் மாறியபோதெல்லாம் புதிதாக வந்தவர்கள் பழைய மதில்களை இடிக்காமல் அவற்றின் மேலேயே கட்டினார்கள். மலையின் அமைப்பே அதற்குக் காரணம். வேறிடத்தில் புதிதாகக் கட்டுவதைவிட அங்கிருந்ததை வலுப்படுத்துவது எளிதாக இருந்தது.

நாயக்கர் காலம்

14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதி விஜயநகரப் பேரரசின் கீழ் வந்தது. தஞ்சை, மதுரை நாயக்கர்களைப் போலச் செஞ்சியிலும் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டது. துப்பாக்கி கிருஷ்ணப்ப நாயக்கர் இம்மரபின் முதல்வராகக் கருதப்படுகிறார். வடக்கே பாலாறு முதல் தெற்கே கொள்ளிடம் வரையிலான நிலப்பகுதி செஞ்சி நாயக்கர்களின் ஆளுகையில் இருந்தது.

இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கும் கட்டிடங்களில் பெரும்பாலானவை நாயக்கர் காலத்தில் எழுந்தவை. ராஜகிரி அடிவாரத்தில் உள்ள கல்யாண மகால், வளைந்த கூரையுடைய பெரிய தானியக் களஞ்சியங்கள், வெங்கடரமணர் கோயில் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

1597-ல் இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமெண்டா செஞ்சிக்கு வந்தார். அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் செஞ்சியே பெரியது என்றும், லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுகலின் எந்த நகரமும் அதற்கு ஈடாகாது என்றும் பிமெண்டா எழுதினார். இன்று வயல்களும் முட்புதர்களுமாக உள்ள மதில்களுக்கு உட்பட்ட பரப்பில் அன்று ஒரு பெருநகரம் இருந்தது என்பதற்கு இதுவே முதன்மையான சான்று.

பீஜாப்பூர் ஆட்சி

1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றபின் நாயக்கர்கள் மெல்ல மெல்லத் தனியரசர்களாயினர். பேரரசின் எஞ்சிய பகுதியைக் காப்பதில் அவர்களிடையே ஒற்றுமை இல்லை. மதுரைத் திருமலை நாயக்கர் பீஜாப்பூர் படையின் உதவியை நாடியதும் செஞ்சியின் வீழ்ச்சிக்கு வழிவகுத்தது. 1649-ல் செஞ்சி பீஜாப்பூர் வசமானது. சுமார் ஒன்றரை நூற்றாண்டு நீடித்த நாயக்கர் ஆட்சி அத்துடன் முடிந்தது.

மராத்தியர் காலம்

1677-ல் சிவாஜி தம் தென்னாட்டுப் படையெடுப்பின்போது செஞ்சியைப் பெற்றார். மதிலைத் தாக்கிப் பிடிக்கவில்லை. கோட்டையின் பீஜாப்பூர் தலைவர் பணமும் நிலமும் பெற்றுக்கொண்டு அதை ஒப்படைத்தார். சிவாஜி பழைய மதில்களைச் சீரமைத்து, தேவையற்றவற்றை நீக்கி, புதிய கொத்தளங்களையும் அகழிகளையும் அமைத்தார். இயேசு சபைப் பாதிரிமார்களின் கடிதங்கள் இந்த வேலைகளை வியப்புடன் குறிப்பிடுகின்றன. பின்னர் சிவாஜியின் மருமகன் ஹர்ஜி மகாதிக் செஞ்சியை நிர்வகித்தார்.

சிவாஜி 1680-ல் மறைந்தார். 1689-ல் அவருடைய மகன் சாம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துக் கொன்றார். சாம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தக்காணத்தைக் கடந்து அவ்வாண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். மராத்திய அரசின் தலைமையிடம் செஞ்சிக்கு மாறியது. மராத்திய அரசில் பிற்காலத்தில் செல்வாக்குப் பெற்ற 'பிரதிநிதி' என்ற பதவி இங்குதான் உருவானது.

எட்டு ஆண்டு முற்றுகை

ராஜாராமைப் பிடிக்க ஔரங்கசீப் தம் தளபதி சுல்பிகர் கானை அனுப்பினார். 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ன் தொடக்கம் வரை இடைவெளிகளுடன் நீண்டது. மூன்று மலைகளையும் முழுமையாகச் சூழ்ந்து நிற்கப் போதுமான படை முகலாயர்களிடம் இல்லை. ஒருபுறம் முற்றுகை இருக்க மறுபுறம் கோட்டைக்குள் உணவு சென்றுகொண்டிருந்தது. வெளியிலிருந்து சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் முகலாயர்களின் தானிய வண்டிகளைத் தாக்கின. உதவிக்கு வந்த இளவரசர் காம் பக்‌ஷ் மராத்தியருடன் ரகசியமாகப் பேசுவதாக ஐயம் எழுந்து, அவரைச் சொந்தத் தளபதிகளே காவலில் வைத்தனர். சுல்பிகர் கான் ஒருமுறை முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கவும் நேர்ந்தது.

இறுதியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கு இல்லை. அவர் வேலூர் வழியாக மராத்திய நாட்டுக்குத் தப்பிச் சென்றுவிட்டார். அவர் தப்பிச் செல்லச் சுல்பிகர் கானே இடம் கொடுத்தார் என்ற பேச்சு அக்காலத்திலேயே இருந்தது. கோட்டை கிடைத்தாலும் முகலாயப் படையெடுப்பின் நோக்கம் நிறைவேறவில்லை. முகலாயப் படையைச் செஞ்சி எட்டு ஆண்டுகள் தெற்கே கட்டிப்போட்டிருந்த காலத்தில் மராத்தியர் தம் நாட்டில் மீண்டும் வலுப்பெற்றனர்.

கரையோர வணிகர்களுக்கும் இந்த முற்றுகைக் காலம் வாய்ப்பாக அமைந்தது. 1690-ல் ஆங்கிலேயக் கும்பினி செஞ்சி மராத்தியரிடமிருந்து கடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையிலான நிலம் விற்பனையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். அவ்வாறு கிடைத்தவை 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. முகலாயரிடமிருந்தும் கும்பினி உரிமைகளைப் பெற்றது. 1693-ல் தண்டையார்ப்பேட்டை, புரசைவாக்கம், எழும்பூர் ஆகியவையும், 1708-ல் நவாப் தாவூத் கானிடமிருந்து திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகியவையும் சென்னையோடு சேர்ந்தன. செஞ்சிக்காகப் போரிட்டவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. கும்பினிக்கு நிலம் தேவைப்பட்டது. வடசென்னையின் பழைய கிராமங்கள் பல கும்பினியின் கைக்கு வந்தது இந்தச் சூழலில்தான்.

தேசிங்கு

முகலாயர் கைப்பற்றிய பின் புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரத் தலைவர் சொரூப்சிங் கோட்டைத் தலைவராக நியமிக்கப்பட்டார். கோட்டையில் தட்பவெப்பம் உடலுக்கு ஒவ்வாததால் தாவூத் கான் நிர்வாகத் தலைமையிடத்தை ஆற்காட்டுக்கு மாற்றினார். செஞ்சி தலைநகர் என்ற நிலையை இழந்தது இந்த முடிவால்தான்.

1714-ல் சொரூப்சிங் மறைந்தார். வரிப்பாக்கி பெருமளவில் இருந்தது. வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்ற மகன் தேஜ்சிங் பாக்கியைச் செலுத்த மறுத்தார். தமிழ் மக்கள் தேசிங்கு என்று அழைப்பது இவரையே. ஆற்காடு நவாப் சாததுல்லா கான் பெரும்படையுடன் வந்தார். கோட்டைக்குள் இருந்து எதிர்க்காமல் தேசிங்கு சிறு குதிரைப்படையுடன் சமவெளிக்கு இறங்கிப் போரிட்டார். 1714 அக்டோபரில் நடந்த அப்போரில் அவரும் அவருடைய நண்பர் மகமத்கானும் கொல்லப்பட்டனர். அப்போது தேசிங்கின் வயது 22 என்பர். அவருடைய மனைவி உடன்கட்டை ஏறினார். அந்த ராணியின் நினைவாகவே சாததுல்லா கான் ஆற்காட்டுக்கு எதிரே ராணிப்பேட்டையை உருவாக்கினார் என்பது மரபு.

ஒரு வரித்தகராறில் தொடங்கி ஒரே நாளில் முடிந்த போர் இது. முந்தைய எட்டு ஆண்டு முற்றுகையோடு ஒப்பிட்டால் அரசியலில் இதன் விளைவு சிறிது. மக்கள் நினைவில் நின்றதோ இதுதான். 'தேசிங்கு ராஜன் கதை' என்ற கதைப்பாடல் ஊர் ஊராகப் பாடப்பட்டது. தேசிங்கின் குதிரை பாராசாரி, மகமத்கானின் குதிரை நீலவேணி ஆகியவையும் கதையில் பாத்திரங்களாயின. இந்து அரசனுக்காக உயிர்விட்ட முஸ்லிம் நண்பனின் பாத்திரம் கதையின் உயிராக அமைந்தது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' திரைப்படம் வெளியானது. சாததுல்லா கான் வெற்றிக்குப் பின் கட்டிய மசூதி 1717-18-ஆம் ஆண்டின் பாரசீகக் கல்வெட்டுடன் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. தேசிங்கின் கதையைக் கேட்டு வருபவர்களில் அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும்

1750 செப்டம்பரில் புஸ்ஸி உள்ளிட்ட பிரெஞ்சுத் தளபதிகள் இரவுத் தாக்குதல் நடத்தி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தனர். முகலாயர் எட்டு ஆண்டுகள் போராடிய கோட்டை இவ்வாறு விழுந்தது ஐரோப்பியரின் மதிப்பைப் பெரிதும் உயர்த்தியது. மூன்று மலைகளையும் காக்கப் போதிய ஆட்கள் இல்லையென்றால் மதில்களின் வலிமை பயன்படாது என்பதையும் அது காட்டியது. 1752-ல் ஆங்கிலேயர் மேற்கொண்ட முயற்சி தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தபின், அவ்வாண்டு ஏப்ரலில் செஞ்சியில் இருந்த பிரெஞ்சுப் படை கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் சரணடைந்தது. 1780-ல் ஹைதர் அலியின் படை சிறிது காலம் கோட்டையை வைத்திருந்தது. அதன்பின் செஞ்சியில் போர் நடக்கவில்லை.

செஞ்சி கைமாறிய வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். 1677-ல் ஒப்படைப்பு, 1714-ல் சமவெளிப் போர், 1761-ல் சரணடைவு. மதிலேறிப் பிடிக்கப்பட்ட நிகழ்வுகள் குறைவு. காவலர்களின் பசி, காய்ச்சல், பணத்தேவை, மனக்கசப்பு ஆகியவையே மதில்களைவிட முக்கியமான பங்கு வகித்தன.

கைவிடப்பட்ட நகரம்

போர்கள் ஓய்ந்தபின் செஞ்சி காலியாகத் தொடங்கியது. அரசும் படையும் இல்லாததால் வணிகமும் கைத்தொழிலும் விலகின. வெங்கடரமணர் கோயிலின் அழகிய கற்றூண்கள் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான சிற்பத் தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவையே.

ஆயினும் கோட்டை முற்றிலும் மறக்கப்படவில்லை. ராஜகிரி ஏறும் வழியில் உள்ள கமலக்கண்ணியம்மன் கோயிலுக்குச் சுற்றுவட்டார மக்கள் ஆண்டுதோறும் விழா எடுத்து வருகின்றனர். மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயில் வட தமிழ்நாட்டின் திரௌபதி வழிபாட்டுக்கு மூலத்தலமாகக் கருதப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ப் ஹில்டெபைடல் 1988-ல் வெளியிட்ட தம் நூலில் இவ்வழிபாட்டைச் செஞ்சியின் வரலாற்றோடு இணைத்து விரிவாக ஆராய்ந்தார். அரசர்கள் சென்றபின் கோட்டையின் நினைவைக் காத்தவர்கள் விழா எடுத்தவர்களும், கூத்து ஆடியவர்களும், கதைப்பாடல் பாடியவர்களும்தான்.

பார்க்க வேண்டியவை

கல்யாண மகால்: ராஜகிரி அடிவாரத்தில் சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக உயரும் கூர்மாடக் கட்டிடம். முற்றத்தைச் சுற்றி அறைகளும் குளமும் உள்ளன. கோயில் கோபுர வடிவமும் இஸ்லாமியக் கட்டிடக்கலையின் வளைவுகளும் இதில் கலந்துள்ளன.

களஞ்சியங்களும் உடற்பயிற்சிக் கூடமும்: தடித்த சுவர்களும் வளைகூரையும் கொண்டவை. நீண்ட முற்றுகையைத் தாங்குவதற்கான தானியம் இங்கு சேமிக்கப்பட்டது.

குளங்கள்: ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம் ஆகியவை. தேசிங்கின் உடல் செட்டிக்குளக் கரையில் எரியூட்டப்பட்டது என்பர்.

வெங்கடரமணர் கோயில்: வாயில் சுவர்களில் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடையும் காட்சியும் செதுக்கப்பட்டுள்ளன.

ராஜகிரி உச்சி: அரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, பீரங்கி ஆகியவை உள்ளன.

கிருஷ்ணகிரி: 'ராணிக் கோட்டை' எனப்படும் இம்மலையில் கவிகை மண்டபமும் கோயில்களும் உள்ளன. ஏறுவதற்கு ராஜகிரியைவிட எளிது.

சந்திரகிரி பெரிதும் சிதைந்துள்ளது.

உலக மரபுச் சின்னம்

2025 ஜூலையில் பாரிஸில் நடந்த உலக மரபுக் குழுவின் 47-ஆம் கூட்டத்தில் 'இந்தியாவின் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ராய்கட், சிவ்னேரி, பிரதாப்கட் முதலிய பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. பன்னிரண்டாவது செஞ்சி.

மலைகளைப் போர்க்கருவியாகப் பயன்படுத்திய மராத்திய முறைக்குச் செஞ்சி சிறந்த எடுத்துக்காட்டு என்பதில் ஐயமில்லை. ராஜாராம் காலத்தில் மராத்திய அரசே இங்குதான் உயிர் பிழைத்தது. ஆனால் மராத்தியர் செஞ்சியை வைத்திருந்தது சுமார் 21 ஆண்டுகள். தேசிங்கு ஆண்டது சில மாதங்கள். கோனார் மரபு தொடங்கி நாயக்கர், பீஜாப்பூர் தளபதிகள், நவாப்புகள் வரை பலர் சேர்ந்து எழுப்பியது இக்கோட்டை. இரண்டு பெயர்ப்பலகைகளில் எதுவும் இந்த வரலாற்றை முழுமையாகச் சொல்வதில்லை.

ஜெர்மனியில் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869-ல் கட்டத் தொடங்கிய நாய்ஸ்வான்ஸ்டைன் மலை அரண்மனை, 1886-ல் அவர் இறந்த சில வாரங்களிலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அது ஒரே மன்னரின் கனவு. அதன் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். செஞ்சி அவ்வாறானதல்ல. கல்யாண மகாலைப் பார்க்கும்போது நாயக்கர்களையும், வெளி மதில்களில் நடக்கும்போது சிவாஜியையும் ராஜாராமையும், மசூதியின் முன் சாததுல்லா கானையும், செட்டிக்குளக் கரையில் தேசிங்கையும் நினைவுகூர வேண்டியுள்ளது. உலகப் பட்டியலில் இடம்பெற்றபின் செஞ்சிக்கு வெளிமாநில, வெளிநாட்டுப் பயணிகளின் கவனம் கிடைத்துள்ளது. அவர்களுக்கு முழு வரலாற்றையும் அந்தந்தக் கட்டிடத்தின் அருகிலேயே தமிழிலும் பிறமொழிகளிலும் எடுத்துச் சொல்வது, மதில்களைப் பராமரிப்பதற்கு இணையான தேவையாக உள்ளது.